பாலம் வந்தது, வாடிக்கையாளர் எங்கே போனார்?

2009 ஒக்டோபர் 20 ஆம் திகதி கிண்ணியாப் பாலம் திறந்து வைக்கப்பட்டது. சவூதி அபிவிருத்தி நிதியத்தின் உதவியுடன் அமைக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான அப்பாலம் அன்று இலங்கையின் மிக நீளமான பாலமாக இருந்தது. அதுவரை கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகருக்குச் செல்பவர் துறையடியில் பாதை வரும்வரை காத்து நிற்க வேண்டும். நோயாளியும் மாணவரும் அரச ஊழியரும் மீன் பெட்டி ஏற்றிய வாகனமும் ஒரே வரிசையில் நின்ற காலம் அது.

பாலம் எமது வர்த்தகர்களுக்குப் பெரும் நன்மை தந்தது என்பதில் சந்தேகமில்லை. எனினும் இன்று இரண்டு விதமான பேச்சுக்களைக் கேட்க முடிகிறது. "சாமான் சுலபமாக வந்து சேருகிறது" என்பார் ஒருவர். "வாங்குகிறவரும் சுலபமாக டவுனுக்குப் போய் விடுகிறாரே" என்பார் மற்றவர். இரண்டும் உண்மைதான். வீதி ஒருவழிப் பாதையல்ல. அது எதைக் கொண்டு வருகிறது, எதைக் கொண்டு போகிறது என்பதைக் கணக்கிட்டு நடப்பவருக்கே அதன் இலாபம் கிடைக்கும்.

தூரமல்ல, நேரமே கணக்கு

திருகோணமலையையும் மட்டக்களப்பையும் இணைக்கும் ஏ-15 வீதியில் ஒரு காலத்தில் ஆறுகளையும் களப்புகளையும் பாதைகள் மூலமே கடக்க வேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலத்தின் பின்னர், 2011 ஆம் ஆண்டளவில் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் ஆகிய இடங்களிலும் பாலங்கள் அமைந்தன. கொட்டியாரக் குடாவைப் படகில் கடந்து திருகோணமலைக்குச் சென்று வந்த மூதூர் மக்கள் வீதி வழியாகவே பயணம் செய்யத் தொடங்கினர். இடங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் பயண நேரம் சுருங்கி விட்டது.

இத்தாலியரான சிசரே மார்க்கெட்டி என்ற ஆய்வாளர் 1994 இல் ஒரு கருத்தை எடுத்துக் காட்டினார். சராசரி மனிதர் நாளொன்றுக்குப் பயணத்தில் செலவிடும் நேரம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். கால்நடையாகச் சென்ற காலத்திலும் சரி, மோட்டார் வாகனக் காலத்திலும் சரி, இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. வீதி வேகமாகும்போது மக்கள் பயண நேரத்தை மிச்சம் பிடிப்பதில்லை. அதே நேரத்துக்குள் இன்னும் தூரமாகச் செல்கிறார்கள். நகரம் வீதிகளின் வழியே நீள்வதற்கு இதுவே காரணம்.

திருகோணமலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கிண்ணியா, நிலாவெளி, தம்பலகாமம் போன்ற இடங்கள் வாகனத்தில் அரை மணித்தியாலத்தை ஒட்டியவை. இங்கிருப்பவர் வீட்டை மாற்றாமலே தினமும் நகரில் வேலை செய்யலாம். மூதூர், கந்தளாய், குச்சவெளி என்பன அதற்கு அடுத்த வளையம். புல்மோட்டை, வெருகல், சேருவில போன்ற தூர இடத்தவர் ஒரு தேவைக்காக வந்தால் பல தேவைகளையும் முடித்துக்கொண்டே திரும்புவர். இந்த மூன்று வளையத்தாரும் வாங்கும் விதம் ஒன்றல்ல. உங்கள் கடைக்கு வருபவர் எந்த வளையத்தைச் சேர்ந்தவர் என்பதை முதலில் அறிந்து கொள்ளுங்கள்.

பெரிய நகரின் ஈர்ப்பு

அமெரிக்கரான வில்லியம் ரெய்லி 1931 இல் சில்லறை வியாபாரத்துக்கு ஒரு விதியை வகுத்தார். ஒரு நகரம் சுற்றுப்புற வியாபாரத்தை இழுக்கும் பலம் அதன் சனத்தொகையோடு கூடும். தூரம் அதிகரிக்கும்போது வெகுவாகக் குறையும். பாலம் வந்து தூரம் குறைந்தால் பெரிய நகரின் இழுவை பன்மடங்காகும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

ஜப்பானில் இதைக் கண்ணாரக் கண்டார்கள். 1998 இல் அகாஷி கைக்கியோ தொங்கு பாலம் திறக்கப்பட்டதும் சிக்கோக்கு தீவின் தொக்குஷிமா நகரத்தவர் கோபே, ஒசாக்கா நகரங்களுக்குப் பஸ்ஸில் சென்று பொருள் வாங்கத் தொடங்கினர். இளநீரைக் குழாய் வைத்து உறிஞ்சுவது போல பெரிய நகரம் சிறிய நகரை உறிஞ்சுவதால் இதனை அங்கு 'ஸ்ட்ரோ விளைவு' என்கிறார்கள். தொக்குஷிமாவின் பெரிய பல்பொருள் அங்காடி 2020 இல் மூடப்பட்டது.

எல்லா வியாபாரமும் இவ்வாறு உறிஞ்சப்படுவதில்லை. பல கடை ஏறி இறங்கிப் பார்த்து வாங்கும் பொருட்களே முதலில் நகருக்குப் போகும். பெருநாள் உடுப்பு, கல்யாணப் புடைவை, நகை, தளபாடம், இலத்திரனியல் சாதனங்கள் என்பன இவ்வகை. அன்றாடம் தேவைப்படும் பலசரக்கு, பாண், மருந்து என்பனவும், உடனே கூப்பிட்டுச் செய்விக்கும் திருத்த வேலைகளும் ஊரிலேயே தங்கும். சீமெந்து, கம்பி, ஓடு போன்ற பாரமான பொருட்களும் கூலி காரணமாக ஊர்க் கடையை விட்டு எளிதில் போவதில்லை.

மூன்றாவது வகையும் உண்டு. ஊரிலிருந்து வெளியே போகும் பொருட்கள் அவை. கிண்ணியாத் தயிர், மூதூர் மீன், தம்பலகாமம் நெல் என்பவற்றுக்கு வீதி புதிய சந்தையைத் திறக்கிறது. பாதைக்குக் காத்து நின்று பழுதாகும் பொருளுக்கே பாலத்தால் அதிக நன்மை. ஆகவே, முதலாவது வகையில் முழு முதலையும் போட்டுவிட்டுப் பாலத்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

வீதியோரம் எல்லாம் சந்தியாகாது

துறையடியில் பாதைக்குக் காத்திருந்தவர்களை நம்பித் தேநீர்க் கடைகளும் சிற்றுண்டிக் கடைகளும் நடந்தன. அங்கே விற்றது தேநீர் என்றாலும் அதற்கு ஆள் சேர்த்தது காத்திருப்பு. காத்திருப்பு நீங்கியதும் வாகனங்கள் நிற்காமல் போகின்றன. வாகனம் நிறைய ஓடும் இடம் வேறு, வாகனம் நிற்கும் இடம் வேறு. வியாபாரம் நிற்கும் இடத்தில்தான் நடக்கும்: பஸ் தரிப்பிடம், சந்தி, பாடசாலை, வைத்தியசாலை, எரிபொருள் நிலையம்.

பிரீமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்து ஆலையும் எண்ணெய்க் குதங்களும் சீனக்குடாப் பக்கமாக அமைந்திருப்பதால் வேலைக்குச் சென்று வருவோரின் ஓட்டம் காலையிலும் மாலையிலும் ஏற்படுகிறது. காலையில் அவசரமாகப் போகிறவர் பெரிதாக எதையும் வாங்கமாட்டார். மாலையில் வீடு திரும்பும்போதுதான் மரக்கறி, மீன், பிள்ளைகளுக்குப் பணிஸ் என்று வாங்குவார். எமது நாட்டில் வாகனம் இடப்பக்கமாகச் செல்வதால், வீடு திரும்புவோரின் இடப்பக்கக் கடை அவர்களுக்கு வசதியானது. வாடகை ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் ஒரு வாரம் மாலை நேரத்தில் அங்கே நின்று, எத்தனை பேர் கடந்து போகிறார்கள் என்பதை மட்டுமன்றி, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

வீதி அகலமாகும் என்ற பேச்சைக் கேட்டுக் காணி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீதிக் கோடு, கட்டட எல்லைக் கோடு ஆகியவற்றை உள்ளூராட்சி மன்றத்தில் விசாரித்து, உரிய சான்றிதழைப் பெற்ற பின்னரே முற்பணம் கொடுங்கள். முன்பக்கத்தில் பல அடிகள் வீதிக்குப் போய்விட்டால் மிஞ்சும் துண்டில் கடை கட்ட முடியாது போகலாம்.

கொழும்பு நெருங்கி வரும்போது

இதே கணக்கு நகர வர்த்தகருக்கும் பொருந்தும். இன்று கிண்ணியாவைத் திருகோணமலை இழுப்பது போல, நாளை திருகோணமலையைக் கொழும்பு இழுக்கலாம். 1999 இல் தம்புள்ளை விசேட பொருளாதார நிலையம் ஆரம்பமானதும் மரக்கறி வியாபாரத்தின் மையம் அங்கே நகர்ந்தது. தம்புள்ளையிலிருந்து ஏ-6 வீதியால் திருகோணமலை நூறு கிலோமீற்றரை ஒட்டிய தூரம். மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் மீரிகம - குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதனைத் தம்புள்ளை வரை கொண்டு வருவதே திட்டம். அது நிறைவேறினால் புறக்கோட்டை மொத்த வியாபாரியின் லொறி அன்றைக்கே வந்து திரும்பக் கூடியதாகும்.

அப்போது அடிபடுவது இடைத்தரகு மொத்த வியாபாரம். புறக்கோட்டையில் வாங்கி இங்கே சில்லறைக் கடைகளுக்குப் பிரித்துக் கொடுப்பவரின் இலாபம், தூரம் என்ற ஒன்றையே நம்பியிருக்கிறது. தூரம் சுருங்கினால் சில்லறைக் கடைக்காரர் நேரடியாகவே தருவித்துக் கொள்வார். கடன் வசதி, சிறிய அளவில் பிரித்துக் கொடுத்தல், பழுதானதை மாற்றிக் கொடுத்தல் போன்ற சேவையால் வாடிக்கையாளரைக் கட்டிப் போட்டவரே நிலைப்பார்.

என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் கடையிலுள்ள பொருட்களை மேற்சொன்ன மூன்று வகையாகப் பிரித்து எழுதுங்கள். நகருக்குப் போகக் கூடிய வகையில் முடங்கியுள்ள முதலைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஊரில் தங்கும் வகைக்கும் ஊரிலிருந்து வெளியே போகும் வகைக்கும் மாற்றுங்கள்.

இரண்டாவது, ஏற்றுக் கூலி. மாவும் சீமெந்தும் ஏற்றிச் செல்லும் லொறிகளில் திரும்பி வரும்போது வெறுமையாக வருவன உண்டா என விசாரியுங்கள். திரும்பும் லொறியில் பேசும் கூலி பெரும்பாலும் குறைவாகவே அமையும். தனித்தனியாகச் சிறு சுமை ஏற்றும் கடைக்காரர்கள் நால்வர் சேர்ந்தால் ஒரு முழு லொறி ஆகும்.

மூன்றாவது, ஊரின் உள்வீதிகள். 2021 நவம்பர் 23 இல் குறிஞ்சாக்கேணியில், புதிய பாலத்தின் வேலை முடியாதிருந்த நிலையில், படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் பெரியவர்களும் உயிரிழந்தனர். நெடுஞ்சாலை திறந்து பன்னிரண்டு வருடங்களின் பின்னரும் அதன் அருகிலேயே பிள்ளைகள் பாடசாலை செல்லத் தண்ணீரைக் கடக்க வேண்டியிருந்தது. பெரிய வீதி வந்தாலும் அதனுடன் சேரும் சிறிய வீதியும் சிறிய பாலமும் இல்லாவிட்டால் ஊரின் ஒரு பகுதி வெளியே நின்று விடும். நகர சபையிடமும் பிரதேச சபையிடமும் இதனைக் கேட்பதில் வர்த்தக சங்கங்கள் முன்னிற்க வேண்டும். அந்தப் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும்தான் எமது கடைகளுக்கு ஒவ்வொரு நாளும் வருபவர்கள்.