வீடே ஸ்டூடியோ, ஒரே பெண் 3 பேர்!

ஹாலிவுட், 1943. பெரிய கம்பெனிகள் பணத்தைத் தண்ணீராக இறைத்த அதே ஊரில், ஒரு தம்பதி தங்கள் வீட்டிலேயே 14 நிமிடப் படம் எடுத்தனர். பெயர் 'மெஷஸ் ஆப் தி ஆப்டர்நூன்'.

அப்பா இறந்தபின் வந்த பணத்தில் மனைவி வாங்கிய பழைய 16 மில்லிமீட்டர் காமிரா. ஒளிப்பதிவு, கணவர் அலெக்சாண்டர் ஹாமிட். அம்மணியே கதாநாயகி. கியேவில் பிறந்த எலியனோரா அந்த ஆண்டுதான் 'மாயா' டெரன் ஆனார். நம்மூர் மாயைதான், ஐயா!

கதையா? ஒருத்தி நாற்காலியில் தூங்குகிறாள். கனவில் கறுப்பு அங்கி உருவம். முகத்துக்குப் பதில் கண்ணாடி! ஓடி ஓடியும் பிடிபடவில்லை. மேஜையைச் சுற்றி அவளே மூன்று பேராக உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாமவள் எடுத்த சாவி கத்தியாகிறது. புருஷன் எழுப்புகிறான். அப்பாடா என்றால், அவன் முகம் கண்ணாடியாகச் சிதறுகிறது! தூங்கித் தப்பிக்கப் பார்த்தவளுக்கு வீடே பொறி. கடைசியில் நாற்காலியில் அவள் பிணம்.

நிஜத்தில் கத்தியும் இல்லை, பிணமும் இல்லை. 1947-ல் விவாகரத்து ஆயிற்று.