கொட்டாமல் வைத்த திரவம்

தொற்றுநோயைக் கற்பிக்கும் ஆசிரியரும் புற்றுநோயைக் கற்பிக்கும் ஆசிரியரும் தத்தம் சாஸ்திரத்தைத் தனித்தனி ராஜ்யமாகப் பாவித்து ஆண்டுவருவது சர்வகலாசாலைகளின் நெடுநாளைய வழக்கம். வியாதியோ அந்த எல்லைகளை மதிப்பதில்லை. உலகில் ஓராண்டில் புதிதாகத் தோன்றும் புற்றுநோய்களில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குக்குக் கிருமிகளே மூலகாரணம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி, கருப்பை வாயில் பாப்பிலோமா வைரஸ், கல்லீரலில் ஹெபடைடிஸ் வைரஸ்கள் என அவை பலவகை. ஆகவே, புதிதாகப் பட்டம் பெற்று இந்த ஆராய்ச்சியில் புகும் வாலிபர்களுக்கு இரண்டு சாஸ்திரங்களும் தெரிந்திருக்க வேண்டும். அவற்றோடு, எந்தப் பாடப்புத்தகத்திலும் அகப்படாத ஒரு பழக்கமும் வேண்டும்.

அது இன்னதென்று அறிய, உகாண்டாவின் கம்பாலா நகரத்து முலாகோ ஆஸ்பத்திரியில் ஸர்ஜனாக இருந்த டெனிஸ் பர்கிட்டிடம் போகவேண்டும். தாடையில் விகாரமான கட்டிகளோடு வந்த ஆப்பிரிக்கக் குழந்தைகளைப் பற்றி அவர் 1961 மார்ச்சு மாதத்தில் லண்டனில் பிரசங்கம் செய்தபோது, கேட்டுக்கொண்டிருந்த அந்தோணி எப்ஸ்டைன், இதற்கு ஒரு வைரஸ் காரணமாயிருக்கலாம் என்று ஊகித்து, கம்பாலாவிலிருந்து விமானத்தில் கட்டிகளைத் தருவித்து, இரண்டாண்டுக்கு மேல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தேடியும் பலனில்லை. பிறகு அவரோடு இருவர் சேர்ந்தனர்: டாக்டர் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருந்த, உயிரணு வளர்ப்பில் கைதேர்ந்த அயர்லாந்துப் பெண்மணி இவோன் பார், டிரினிடாட் தீவினரான பெர்ட் அசோங்.

1963 டிசம்பரில் மூடுபனியால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டு, தாமதமாக வந்து சேர்ந்த கட்டியைச் சுற்றியிருந்த திரவம் கலங்கியிருந்தது. கலங்கினால் பாக்டீரியா புகுந்துவிட்டது, கொட்டிவிடு என்பதே ஆய்வுக்கூடத்தில் முதல் வாரத்தில் கற்பிக்கும் விதி. எப்ஸ்டைன் கொட்டுமுன் ஒரு துளியை எடுத்துப் பார்த்தார். பாக்டீரியா இல்லை, கட்டியிலிருந்து உதிர்ந்த உயிரணுக்கள் உயிரோடு மிதந்தன. மிதக்கவிட்டே அவற்றை வளர்க்கலாம் என்ற குறிப்பு அங்கே கிடைத்தது. 1964 பிப்ரவரியில் அவ்வாறு வளர்த்த உயிரணுக்களுக்குள் வைரஸ் தென்பட்டது. எப்ஸ்டைன்-பார் வைரஸ் என்று இன்று வழங்கும் அந்தப் பெயரில் அசோங்குக்கு இடமில்லாமற் போனது எனக்கு எப்போதும் சற்று உறுத்தும்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் பயிற்சி டாக்டராக இருந்த பாரி மார்ஷலின் கதையும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. இரைப்பைத் துணுக்குகள் வைத்த தட்டுகளில் இரண்டு நாளில் ஒன்றும் வளரவில்லையென்றால் எறிந்துவிடுவது வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் எறிய ஆளின்றிக் கூடுதலாகச் சில நாள் கிடந்த தட்டில்தான் ஹெலிகோபாக்டர் முளைத்தது.

இவற்றை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடுவோர் உண்டு. விதியை மீறு என்று மாணவனுக்குப் போதிப்பதும் அபத்தமே. கலங்கிய குடுவைகளில் பெரும்பாலானவை உண்மையாகவே கெட்டவைதாம். கொட்டுமுன் பார்க்கும் அந்த ஒரு கணம் வாய்மொழியால் வருவதன்று. ஆசான் அருகில் நின்று மாதக்கணக்கில் பழகினாலன்றிக் கைவராது.

பழகவேண்டியது ஆய்வுக்கூடத்தில் மட்டுமா? எப்ஸ்டைன்-பார் வைரஸ் வயதுவந்தோரில் மிகப் பெரும்பாலோரின் உடம்பில் வாழ்நாள் முழுதும் குடியிருக்க, புற்றுநோய் காண்பவர் சிலரே. இந்த முடிச்சைக் குடுவை அவிழ்க்காது. பர்கிட் இரண்டு நண்பர்களோடு ஒரு பழைய மோட்டாரில் ஏறக்குறைய 10,000 மைல் சுற்றி, எந்தெந்த ஆஸ்பத்திரியில் இந்தக் கட்டியைக் கண்டார்கள் என்று விசாரித்தே, வெப்பமும் மழையும் மிகுந்த பிரதேசங்களில் அது நிலவுவதைக் கண்டார். மலேரியா மலிந்த பிரதேசங்களும் அவையே. இடைவிடாத மலேரியா உடலின் தற்காப்பைக் குலைத்து வைரஸுக்கு இடங்கொடுக்கிறது என்பது பிற்காலத்து விளக்கம். குடுவையைக் கையாளத் தெரிந்த பட்டதாரி, கிராமத்துக்குக் கிராமம் எண்ணிக் கணக்கெடுக்கவும் தெரிந்தவனாதல் வேண்டும் என்பது இதனாலேயே.

இப்படிப்பட்டவர்களை உருவாக்கும் முயற்சி ஒன்று பர்கிட் உழைத்த உகாண்டாவிலேயே நடந்துவருகிறது. அமெரிக்காவின் ஸியாட்டில் நகரத்து ஃப்ரெட் ஹட்சின்சன் நிலையம் உகாண்டா புற்றுநோய் நிலையத்தோடு கூட்டுச் சேர்ந்தபோது, உகாண்டா முழுமைக்கும் புற்றுநோய் நிபுணர் ஒருவரே இருந்தார். இந்தக் கூட்டுறவால் 2015-இல் கம்பாலாவில் திறந்த புதிய கட்டடத்தைக் காட்டிலும், உகாண்டாவின் இளம் டாக்டர்கள் ஸியாட்டிலில் தேர்ந்து தாயகம் திரும்பி வேலை செய்வதையே பெரிய காரியமாக நான் எண்ணுகிறேன். குழந்தைக்குச் சிகிச்சை செய்பவரே அதன் கட்டியை ஆராயவும், அதன் ஊருக்குப் போய் விசாரிக்கவும் அங்கே வழி உண்டாகியிருக்கிறது.