பழுது பார்க்கும் கூலியும் நுகர்வோர் உரிமையும்

2006-ஆம் ஆண்டு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011-ஆம் ஆண்டு தொடங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் நமது தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களுக்கும் மின்கருவிகளைக் கொணர்ந்தன. கருவி வந்தால் பழுதும் வருதல் இயல்பே.

பழுது பார்ப்போரில் நாணயமானவர் பலர் உளர். ஆயினும் ஏமாற்றுவோரும் இல்லாமல் இல்லை. மிக்சி நின்றுபோனால், தேய்ந்த கார்பன் பிரஷை மாற்றினாலே பெரும்பாலும் ஓடும். மின்விசிறி மெதுவாகச் சுழன்றால், கண்டென்சரே காரணமாக இருக்கலாம். இரண்டும் குறைந்த விலைப் பாகங்களே. இதனை அறியாதாரிடம் 'காயில் எரிந்துவிட்டது' என்று கூறிவிட்டால், சில நாட் கூலி வீணாகும்.

கருவி இலவசமாக வந்ததாயினும், பழுது பார்க்கப் பணம் கொடுத்தவர் சட்டப்படி நுகர்வோரே. ஆகவே நாம் செய்ய வேண்டுவன:

1. கருவியை ஒப்படைக்கும்போதே பழுது, உத்தேசச் செலவு, திருப்பித் தரும் நாள் ஆகியவற்றை எழுதி வாங்குக.

2. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டுப் பெறுக.

3. ரசீதின்றிப் பணம் தரற்க. ரசீது தராமை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகமாகும்.

குறை தீராவிடில் 1915 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் முறையிடலாம். அதன்பின் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டாண்டுகளுக்குள் அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

ஊராட்சி உறுப்பினர்கள் இவற்றைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக. ஒரு துண்டு ரசீது ஏழையின் உழைப்பைக் காக்கும்.