முதல் கேள்வி கூலியைப் பற்றியதா?

கனரக வாகன உரிமம் பெற்ற இளைஞருக்கு நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் வேலை கிடைப்பது அரிதன்று. யாரிடம் சேர்வது என்பதே சிக்கல். பெரும்பாலோர் முதலில் கேட்பது, 'ஒரு நடைக்கு எவ்வளவு?' என்பதைத்தான். அது மட்டும் போதாது.

நடைக்கணக்கில் ஊதியம் பேசும்போது, சரக்குக்காக வெளியூரில் காத்திருக்கும் நாள்களின் இழப்பு ஓட்டுநரின் தலையில் விழுகிறது. அதை ஈடுகட்ட அவர் உறக்கத்தைத் துறக்கிறார். எனவே, காத்திருக்கும் நாளுக்குப் படி உண்டா, நெடும்பயணத்தில் மாற்று ஓட்டுநர் உண்டா என்று முன்னரே கேட்டறிய வேண்டும்.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று பணி நேரத்தை வரையறுத்தது. ஆனால், ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஓரிரு லாரிகளை வைத்திருப்பவரிடம் சேர்ந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை.

அடுத்தது அதிக பாரம். 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி இதற்கு அபராதம் ரூ.20,000, கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. ஏற்றச் சொன்னவர் மட்டுமல்ல, ஓட்டியவரும் பொறுப்பாளியே. மறுத்தால் வேலை நிலைக்குமா என்பதை அங்கு பணிபுரிவோரிடம் விசாரிப்பது நல்லது.

ஓட்டுநர்கள் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறார்கள் என்றால், அதைவிட நற்சான்று வேறில்லை. ஆள் பற்றாக்குறை என்று வருந்தும் உரிமையாளர்களும், ஊதியம், படி, ஓய்வு ஆகியவற்றை எழுத்தில் தர முன்வர வேண்டும்.