தசையின் தாங்குதிறன்

நெல் மூட்டையை அலட்சியமாகத் தூக்குபவர்கூட, கோடை ஓய்வுக்குப் பின் வரப்பில் அண்டை வெட்டும் முதல் நாளில் பத்து மணிக்கே தளர்ந்துவிடுவதைக் கண்டிருப்பீர்கள். தூக்குவது வலிமை, ஒரே வேலையை நெடுநேரம் செய்வது தாங்குதிறன். பழகிய தசையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மிகுதி. பிராணவாயு தாராளமாகச் சேரும். சில வாரம் சும்மா இருந்தாலே இத்திறன் குறையும். எனவே பருவத்துக்கு மூன்று வாரம் முன்பே மண்வெட்டி பிடித்து, வேலை நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி வருதல் நன்று.

குனிந்தே நிற்கையில் முதுகுத் தசை விறைத்து, தனக்கு வரும் இரத்தத்தைத் தானே நெரிக்கிறது. நடவுப் பெண்களின் இடுப்பு வலிக்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் நிமிர்ந்தால் சோம்பல் என்று ஏசுகிறோம், அது தவறு. அரை மணிக்கொருமுறை இரண்டு நிமிடம் நிமிர்ந்து நடக்க விடுங்கள்.