கடல் தாண்டி வந்த நல்ல மனசு டாக்டர்

எண்பதுகளில் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் ஆன்டெனாக்கள் தென்கிழக்கைப் பார்த்துத்தான் நிற்கும். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-லேயே தொடங்கிவிட்டது; ஆனால் அதன் அலை எங்கள் பக்கம் எட்டவில்லை. எங்களுக்கு டி.வி. என்றால் ரூபவாஹினிதான். 1982 பிப்ரவரி 15-ல் ஒளிபரப்பைத் தொடங்கிய இலங்கை அரசுத் தொலைக்காட்சி அது. நுவரெலியா பக்கம், 2,524 மீட்டர் உயர பிதுருதலாகல மலையிலிருந்து புறப்பட்ட அலை, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து எங்கள் தெருவுக்கு வந்தது.

தெருவில் டி.வி. இருந்தது ஒரே வீட்டில். சாயங்காலமானால் சிமென்ட் தரையில் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்போம். மாமா மாடியில் கம்பத்தைத் திருப்புவார், அத்தை ஜன்னல் வழியாக, "வந்துருச்சு, வந்துருச்சு, அப்படியே விடுங்க!" என்பார். கோடையில் கடல்மேல் காற்று அசையாமல் நின்றால் படம் பளிச்சென்று வரும். காற்று மாறினால் புள்ளிகள்தாம்.

அதில் நாங்கள் காத்துக் கிடந்தது 'தொஸ்தர ஹொந்த ஹித' என்ற பொம்மைப்படத்துக்கு. விலங்குகளோடு பேசும் டாக்டர் டூலிட்டில் கதை. எங்களில் ஒருவருக்கும் சிங்களம் தெரியாது. வாத்து கோபித்தாலும் கிளி அலுத்துக்கொண்டாலும் அந்தக் குரலிலேயே புரிந்துவிடும்.

அந்தக் குரல்களின் பின்னால் இருந்தவர் டைட்டஸ் தொட்டவத்த. இலங்கை இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' படத்துக்குப் படத்தொகுப்பு செய்தவர். பிறகு ரூபவாஹினியில் குரல்மாற்றுப் பிரிவைக் கட்டியெழுப்பினார். ஆங்கில வசனத்தை அப்படியே பெயர்த்துவைக்கவில்லை அவர். பாத்திரங்களைச் சிங்களப் பேச்சுவழக்கில், சிங்களக் குறும்போடு பேசவிட்டார். பக்ஸ் பன்னி முயல்கூட அவர் கையில் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது. 2011-ல் அவர் மறைந்தபோது, இலங்கையில் ஒரு தலைமுறையே தன் குழந்தைப் பருவத்தை எண்ணிக் கலங்கியது.

இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு மண்டபம் முகாமுக்கு அகதிகளின் படகுகள் வரத் தொடங்கின. முகாமிலிருந்து ஒரு பையன் எங்கள் வகுப்பில் சேர்ந்தான். யாரோடும் பேச மாட்டான். ஒருநாள் அவனையும் டி.வி. வீட்டுக்குக் கூட்டிப் போனோம். சிங்களக் குரல் கேட்டதும் முதலில் வாசலுக்கே நகர்ந்துவிட்டான். டாக்டர் திரைக்கு வந்ததும் மெல்லத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஹொந்த ஹித எண்டா நல்ல மனசு" என்றான். அவன் எங்களிடம் பேசிய முதல் வார்த்தை அது. அன்று முதல் முப்பது பேருக்கும் அவன்தான் மொழிபெயர்ப்பாளன். எந்த மொழிக்காரர்களை நினைத்து அவன் வீடு நடுங்கியதோ, அந்த மொழியிலிருந்துதான் அவன் எங்களுக்குக் கதை சொன்னான்.

குழந்தைகளுக்காக மனசு வைத்துச் செய்த ஒரு நிகழ்ச்சியால்தான் அவனை இப்படிப் பேசவைக்க முடிந்தது. அப்படி மனசு வைத்துச் செய்த குரலுக்குத் தமிழிலும் சாட்சி உண்டு. 2007-ல் சுட்டி டி.வி. வந்தபோது ஜாக்கி சானும் டோராவும் நம் வீட்டுத் தமிழில் பேசினார்கள். அன்றைய பிள்ளைகள் வளர்ந்தபின்னும் அந்த வசனங்களை வரி மாறாமல் சொல்கிறார்கள். பேச்சு நம்முடையதாக இருந்ததுதான் காரணம்.

இன்று குழந்தைப் படங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வசனத்தை மொழிபெயர்க்காதீர்கள், தெருவில் விளையாடும் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்து எழுதுங்கள். நாற்பது ஆண்டுகள் கழித்தும் அது யாரோ ஒருவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.