இட்லித் தட்டில் ஒரு குடும்பக் கதை

சினிமா பார்ப்பவர் அழலாம், சிரிக்கலாம். கதையில் நடக்கும் எதையும் அவர் செய்வதில்லை. வீடியோ கேமில் கதவைத் திறப்பதும் அடுப்பைப் பற்றவைப்பதும் விளையாடுபவரின் விரல்தான். கேம் மனத்தைத் தொடும் வழியே அதுதான். 2013இல் வந்த ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ கேமில் கண்ட்ரோலரின் இடப்பக்கம் அண்ணனை நடத்தும், வலப்பக்கம் தம்பியை நடத்தும். தண்ணீரைக் கண்டால் நடுங்கும் தம்பி, அண்ணன் முதுகைப் பற்றிக்கொண்டுதான் ஆற்றைக் கடப்பான். அண்ணன் இறந்தபின் தனியாகக் கடக்க வேண்டி வருகிறது. அதுவரை அண்ணனுக்கென்றிருந்த பட்டனை அழுத்தினால்தான் தம்பி நீந்துகிறான். எந்த வசனமும் சொல்லாததை ஒரு விரலசைவு சொல்லிவிடுகிறது.

இதே உத்தியைத் தமிழ்ச் சமையலறைக்குள் கொண்டுவந்தது ‘வெண்பா’ என்ற கேம். டொரண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலையில் இதை வெளியிட்டது. 1988இல் கதை தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த தம்பதி வெண்பாவும் பாவலனும். அவர்களுக்குப் பிறக்கும் மகன் கவின்.

வெண்பாவிடம் இருப்பது அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம். பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, எழுத்து அழிந்திருக்கிறது. விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். முதல் சமையல் இட்லி. தட்டுகளைத் தப்பாக அடுக்கினால் ஆவி சரியாக ஏறாது. மறுபடி முயல வேண்டியதுதான். இதில் எதிரி இல்லை, ஓடும் கடிகாரமும் இல்லை. பிழை செய்து, யோசித்து, திருத்தும்போது, ஊரை விட்டு வந்த ஒரு பெண் அம்மாவின் கைப்பக்குவத்தை நினைவிலிருந்து மீட்கும் பாட்டை விளையாடுபவரும் படுகிறார்.

கவின் வளர வளரக் கதை கனக்கிறது. வீட்டில் தமிழ் பேசத் தயங்குகிறான். அம்மா ஆசையாகச் செய்யும் புட்டு அவனுக்கு வேண்டாம். பின்னால் ஒரு கட்டத்தில் கட்டுப்பாடு வெண்பாவிடமிருந்து வளர்ந்த கவினின் கைக்கு மாறுகிறது. இப்போது அதே புத்தகத்தை, தமிழ் தடுமாறி வாசிக்கும் மகனாக இருந்து புரிந்துகொள்ள வேண்டும். கேமின் மிகச் சிறந்த இடம் இதுவே. தாய்மொழி கைநழுவிப்போன வலியை எத்தனையோ கதைகள் எழுதிக் காட்டியிருக்கின்றன. இங்கே விளையாடுபவரே அதில் திணறுகிறார். இதற்கு நேர்மாறாக, பாவலனின் இறப்பைக் கேம் சற்று அவசரமாகக் கடந்துவிடுகிறது. மொத்த ஆட்டமும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் என்பதால் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்ற ஏக்கம் எழுகிறது.

சமைக்கும் நேரமெல்லாம் வானொலி பாடுகிறது. அந்தந்தக் காலத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயலில் புதிதாக அமைத்த பாடல்கள் அவை. ஒன்றில் இசையமைப்பாளர் தேவாவின் குரலும் ஒலிக்கிறது. ஆண்டுகள் நகர்வதைப் பாட்டின் வாத்தியங்களே உணர்த்திவிடுகின்றன.

2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது ‘வெண்பா’வுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு, தனிக் குழுக்கள் உருவாக்கும் கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதன்மைப் பரிசும் அதற்கே வந்தது.